நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப்போனவை. ஐந்து பேரையும் இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துத்தான் வளர்த்தேன். எந்த வீட்டிலிருந்தும் ஒரு தேக்கரண்டிகூட என்னோடு வந்ததில்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நான் திருடி என்று ஒரு புத்தகத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. தமிழ் எழுதுவேன், மெதுவாக. ஒரு பக்கம் எழுத ஒரு காலை போய்விடும். இத்தாலிய மொழி பேசுவேன், வாசிக்கத் தெரியாது. பத்தொன்பது வருடம் பொறுத்திருந்தவளுக்கு இன்னும் சில காலைகள் பெரிய காரியம் இல்லை.

வேலைக்குப் போகிற வீட்டு அம்மாவை இங்கே சின்யோரா என்போம். நான் சொல்லப்போகிற சின்யோரா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறவள். அவள் வீட்டில் ஐந்து அறை, ஐந்திலும் கூரை வரைக்கும் புத்தகம். வியாழக்கிழமை தோறும் ஒவ்வொன்றாக எடுத்து உலர்ந்த துணியால் துடைத்து வைப்பேன். புத்தகத்தைத் தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இரண்டு பக்கமும் விரல் கொடுத்து எடுக்க வேண்டும் என்று அவள்தான் காட்டித் தந்தாள். பதினொரு வருடத்தில் ஒரு புத்தகத்தைக்கூட நான் இடம் மாற்றி வைக்கவில்லை. அந்த எழுத்து தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரியும், உயரம் தெரியும்.

துடைக்கும்போது கால் தவறி ஒரு புத்தகத்தில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அதைக் கண்டு அவள் சிரிப்பாள். அன்புச் சிரிப்பு என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடிக் கதவு போட்ட தட்டில் ஒரு புத்தகம் தனியாக இருக்கும். பச்சைத் தோல் அட்டை, பொன் எழுத்து. அவளுடைய தகப்பன் கொடுத்தது. விருந்தாளிகள் வந்தால் அதை இரண்டு கையாலும் எடுத்துக் காட்டுவாள், வேறு எதையும் அப்படி எடுக்கமாட்டாள். இந்த வீட்டில் இதுதான் பெரிய புத்தகம் என்று நான் அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் என் மூத்த மகளின் பிள்ளைக்கு மூன்று வயது. விஜயதசமிக்கு ஏடு தொடக்க வேண்டும். மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்கிறது. அதற்கு முன்னால் வீட்டில் உள்ள புத்தகங்களைச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கி, முதல் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அந்த நாட்களில் யாரும் வாசிக்காமல் விடுவோம். பல்லாரோச் சந்தைக்குப் பக்கத்தில், அல்பெர்கேரியாவில், எங்கள் வீட்டில் இருந்தது என்ன? பழைய விலைக்கு வாங்கின பள்ளிப் புத்தகம் நாலைந்து, அவற்றிலும் யாரோ பிள்ளைகள் மீசை கீறிய படங்கள். இந்தப் பிள்ளையின் முதல் எழுத்துக்கு இந்த ஊரிலேயே பெரிய புத்தகம் அம்மனுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

சின்யோரா அந்தக் கிழமை முழுக்க ஊரில் இல்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பேனா? உண்மையைச் சொல்கிறேன், கேட்டிருக்க மாட்டேன். சாமிக்கு முன்னால் வைத்துக் கொண்டுவந்தால் புத்தகத்துக்கும் நல்லது, புத்தகக்காரிக்கும் நல்லது என்றுதான் எனக்குத் தெரியும். கேட்காமல் எடுத்தது என் பிழை. அந்த ஒரு பிழையை ஒத்துக்கொள்கிறேன். வேறு ஒன்றையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தோய்த்துக் காயவைத்த வெள்ளைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோனேன். கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாப் புத்தகத்துக்கும் வைத்ததுபோல அதற்கும் முதல் வெற்றுப் பக்கத்தில் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தேன். விஜயதசமிக் காலையில் பிள்ளை அரிசியில் எழுத மாட்டேன் என்று அழுதது. அந்தப் பொன் எழுத்தைத்தான் எட்டி எட்டித் தொடப் பார்த்தது. ஒருமாதிரி விரலைப் பிடித்து எழுதுவித்தேன். மருமகன் படம் எடுத்தார்.

மூன்றாம் நாள் அதே துவாயில் சுற்றி, ஒரு பெட்டியில் அவலும் கடலையும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது, அதைப் பூட்டில் போடுமுன் கதவு தானாகத் திறந்தது. சின்யோரா முன்கூட்டியே வந்துவிட்டாள்.

"யாருக்கு விற்கப் பார்த்தாய்?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. துவாயைப் பறித்துப் புத்தகத்தை விரித்தாள். குங்குமத்தைக் கண்டதும் அவள் முகமும் அதே நிறமாகிவிட்டது.

எனக்கு அப்போது தெரிந்த இத்தாலிய மொழி வாளிக்கும் சீலைக்கும் சன்னலுக்கும்தான் போதும். சரஸ்வதியை அதற்குள் எப்படி அடைப்பது? "புத்தகத்துக்கு எங்களிடம் ஒரு மாதா இருக்கிறா," என்றேன்.

"மாதாவை இதற்குள் இழுக்காதே," என்றாள். கதவைச் சாத்தினாள். அவல் பெட்டி வாசற்படியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நடந்தேன், பல்லாரோச் சந்தை வரைக்கும்.

அன்று பின்னேரமே அவள் நான் வேலைக்குப் போகிற மற்ற இரண்டு சின்யோராக்களுக்கும் தொலைபேசி எடுத்துவிட்டாள். அந்த இரண்டு வீடும் போனது. பிறகு மொண்டெல்லோக் கடற்கரையில், ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், கோடைக்குக் கோடை நின்றபடி கோப்பை கழுவினேன். என் முழங்கால் இரண்டும் அங்கேதான் போயின. ஒவ்வொரு வருடமும் கும்பத்துக்கு முன்னால் நின்று அவளுக்காக ஒன்று கேட்பேன். என்ன கேட்டேன் என்று எழுதமாட்டேன். பிள்ளைகள் படிக்கிற தாள் இது.

ஏடு தொடக்கிய பிள்ளைக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும், அதோடு சேர்த்துப் புத்தகம் பதிப்பிக்கிற படிப்பும் படிக்கிறாள். காலையில் கவிதை, மத்தியானம் தாள், மை, அட்டை. அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது, எந்தப் பக்க எண் எங்கே நிற்க வேண்டும் என்பது, இவையெல்லாம் ஒரு படிப்பாம். சொந்தக்காரர் சிரித்தார்கள். "தாதிப் படிப்புப் படிச்சால் ஒரு வேலை கிடைக்கும், உதைப் படிச்சு என்ன கடலை சுத்தப் போறாளோ?" என்றார்கள். நான் மட்டும்தான் படிக்கட்டும் என்றேன். எனக்குக் காரணம் இருந்தது. அரிசியில் அவள் விரல் போகும்போது முன்னால் யாருடைய புத்தகம் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி மேசையில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கே பேராசிரியர்கள் தாங்கள் எழுதிய புத்தகத்தையே பாடமாக வைப்பார்கள், பிள்ளைகள் வாங்கித்தான் ஆக வேண்டும். இவளுடைய பேராசிரியை புத்தகங்களோடு தான் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தாளாம்.

"அம்மம்மா, இதைக் கேளுங்கோ. பாவம், ஆரோ ஒரு மனிசியைப் பற்றி எழுதியிருக்கிறா," என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அவள் சொன்னதைக் கோத்து எழுதுகிறேன். வீட்டைத் துப்புரவாக்க ஒரு கிழக்கு நாட்டுப் பெண் வந்தாள். எழுத்தறியாதவள். காட்டு மனிதன் நெருப்பைக் கண்டதுபோலப் புத்தகங்களைக் கண்டு பயந்து தொட்டுக் கும்பிடுவாள். ஒருநாள் என் தந்தையின் புத்தகத்தைத் திருடிப் பல்லாரோவில் விற்கப் போனாள். வாங்க ஆளில்லாமல் சிவப்புக் கறையோடு திருப்பிக் கொண்டுவந்தாள். நான் அவளை மன்னித்தேன்.

"அட்டை பச்சையோ?" என்று கேட்டேன்.

"ஓம், பச்சை. பொன் எழுத்தாம். உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"கறை முதல் பக்கத்திலையோ?"

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கறை எந்தப் பக்கம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. "அம்மம்மா... அது நீங்களோ?"

"கத்தரிக்காய் கறுக்குது. தண்ணியிலை போடு," என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. கும்பத்தின் பக்கத்தில் யாருக்காக அந்தப் புத்தகம் இருந்தது என்று சொன்னபோது எழும்பி நின்றுவிட்டாள்.

"நாளைக்கே போய்க் கேக்கிறன். எல்லாருக்கும் முன்னாலை."

"கேளாதை. முதல் அவவின்ரை கையாலை முப்பதை வாங்கிக்கொண்டு வா." இங்கே சோதனைக்கு முப்பதுதான் முழுப் புள்ளி.

"பயமோ உங்களுக்கு?"

"எனக்கோ? எடி, இது பத்தொன்பது வருசம் காயப்போட்ட மிளகாய். இன்னும் ரெண்டு வெயில் காயட்டும். அவசரப்பட்டு இடிச்சால் உறைப்பு வராது."

முப்பதை வாங்கிக்கொண்டு வந்தாள். பேத்திக்கு இருப்பது அவளுடைய தகப்பனின் குடும்பப் பெயர், அதை வைத்து என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. சோதனை முடிந்ததும் பேராசிரியை ஒவ்வொரு பிள்ளையின் புத்தகத்தையும் வாங்கி, முதல் பக்கத்தில் பேனையால் குறுக்கே கையெழுத்துப் போடுவாளாம். அடுத்த வருடப் பிள்ளைக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. பேத்தி கொண்டுவந்து காட்டினாள். பக்கம் முழுக்க நீல மை. அவள் முதல் பக்கத்தில் கீறினால் அது கையெழுத்து, நான் சந்தனம் வைத்தால் கறை.

அதற்குப் பிறகு ஒருநாள் பதிப்பு வகுப்பில் படித்ததைச் சொன்னாள். அச்சடித்து முடிந்த புத்தகத்தில் பிழை கண்டால் முழுவதையும் திரும்ப அச்சடிக்க மாட்டார்களாம். ஒரு சின்னத் துண்டில், இன்ன பக்கத்தில் இன்ன சொல்லை இப்படித் திருத்தி வாசிக்கவும் என்று அடித்து உள்ளே வைத்துவிடுவார்களாம்.

"அதை ஆரும் வைக்கலாமோ?"

"இல்லை அம்மம்மா. எழுதின ஆள் இல்லாட்டிப் பதிப்பகம்தான் வைக்கலாம்."

"அந்தப் பக்கத்திலை இருக்கிற ஆள் வைக்க ஏலாதோ?"

"அது சட்டம் இல்லை."

"விசர்க் கதை கதைக்காதை. என்னைத் திருடி எண்டது மட்டும் சட்டமோ?"

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நாலாம் நாள் கணினியைத் திறந்துவைத்து, "சரி, சொல்லுங்கோ," என்றாள். நான் சொன்னேன், அவள் இத்தாலிய மொழியில் அடித்தாள்.

பிழைதிருத்தம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். 'திருடினாள்' என்பதை 'சாமிக்கு முன் வைக்கக் கொண்டுபோய் மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தாள்' என்று வாசிக்கவும். 'கறை' என்பதைச் 'சந்தனமும் குங்குமமும்' என்று வாசிக்கவும். 'மன்னித்தேன்' என்பதை 'வேலையால் நிறுத்தி, மற்ற வீடுகளுக்கும் சொல்லிக் கெடுத்தேன்' என்று வாசிக்கவும். இப்படிக்கு, அந்தப் புத்தகத்தைப் பதினொரு வருடம் துடைத்தவள்.

அறுபது துண்டுகள். எழுத்து எந்த அளவு, ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்று அவள் படித்ததையெல்லாம் அதில் காட்டியிருந்தாள். நான் ஒவ்வொன்றின் மூலையிலும் என் விரலால் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

உள்ளே வைக்கும் வேலை என்னுடையது. "பிடிச்சால் என்ன சொல்லுவியள்?" என்று பேத்தி கேட்டாள். பிடிக்க யார் என்னைப் பார்க்கப் போகிறார்கள்? கையில் ஒரு தூசித் துணியை எடுத்துக்கொண்டு போனேன். துணி பிடித்த கறுத்தக் கிழவியை இந்த ஊரில் எந்தக் கதவும் மறிப்பதில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் நாலு பிரதி, புத்தகக் கடைகளில் மிச்சம். அட்டையில் அவள் படம் போட்டிருந்ததால் எனக்குக் கண்டுபிடிக்கிறது சுகம். அவளுக்குப் பின்னால் தெரிந்தது நான் துடைத்த தட்டுகள். தலையைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பக்கமும் விரல் கொடுத்து எடுத்தேன். துண்டை வைத்தேன். தட்டையும் ஒருமுறை துடைத்துவிட்டு வந்தேன், தூசியாக இருந்தது.

எனக்கு வேறு சந்தோசங்களும் வாழ்க்கையில் இருந்திருக்கின்றன. பிள்ளைகள் பிறந்தபோது, இங்கே இருக்க விடுகிற அனுமதித் தாள் கிடைத்தபோது. ஆனால் அந்த இரண்டு கிழமை நான் தின்ற சோற்றின் ருசி வேறு.

மூன்றாம் கிழமை அவள் வந்தாள். பல்லாரோவில் மரக்கறி விற்கிறவனிடம் கேட்டு வந்தாளாம். நாலு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் என் துண்டு. நாங்கள் பேசியது இத்தாலிய மொழியில். தமிழில் எழுதுகிறேன், என் பிழைகளை விட்டுவிட்டு.

"சப்பாத்தைக் கழற்று," என்றேன். பதினொரு வருடம் அவள் என்னை நீ என்றாள், நான் அவளை நீங்கள் என்றேன். இது என் வீடு.

கழற்றினாள். "இது நீ செய்த வேலையா?"

"பார்த்தால் தெரியவில்லையா? பொட்டு நல்ல வடிவாய்ப் பிடித்திருக்கிறது. தேநீர் குடிக்கிறாயா?"

"உனக்கு என்ன வேண்டும்?"

"உனக்கு என்ன வேண்டும்? நீதானே ஏறி வந்தாய்."

அவள் கதிரையில் இருந்தாள். வயது போய்விட்டது அவளுக்கும். "அடுத்த பதிப்பில் அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறேன். ஒருவருக்கும் தெரியாது. நீ இதை நிறுத்து," என்றாள்.

"எடுக்காதே. எடுத்தால் நான் அந்த வீட்டில் இருக்கவே இல்லை என்றாகிவிடும். அது அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே இது பொய் என்று எழுது."

"நான் எழுதியது இலக்கியம். அதில் எல்லாம் நடந்தபடி இருக்க வேண்டும் என்று இல்லை."

"அப்படியென்றால் உன் வீடு உன் வீடாகவே இருக்கிறதே. உன் அப்பா உன் அப்பாவாகவே இருக்கிறாரே. என்னை மட்டும்தானா மாற்றக் கிடைத்தது?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். சுவரில் பேத்தியின் படம்.

"இவள் என் மாணவி," என்றாள்.

"என் பேத்தி."

"இலையுதிர் காலத்தில் பட்டத்துக்காக என் முன்னால்தான் வந்து நிற்பாள்," என்று மெல்லச் சொன்னாள்.

பயமுறுத்தினாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் இது என் பழி, என் கணக்கு என்று நினைத்திருந்தேன். இப்போது பிள்ளையின் படிப்பு மேசையில் வந்து இருந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. அலுமாரியைத் திறந்து, மருமகன் அன்று எடுத்த படத்தை அவள் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தாம்பாளத்தில் அரிசி. என் மடியில் மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு பிள்ளை. பின்னால் சரஸ்வதி படம், கும்பம், பூ, அதன் நடுவில் பச்சைப் புத்தகம்.

"என் அப்பாவின் புத்தகம்."

"விற்கப் போனேன் என்று எழுதினாயே. வாங்க வந்த ஆளைப் பார். மூன்று வயது. பத்தொன்பது வருடம் கழித்து உன்னிடமே வந்து முப்பதுக்கு முப்பது வாங்கியிருக்கிறாள்."

அவள் படத்தில் அந்தப் பச்சை அட்டையை விரலால் தொட்டாள். பிறகு, "இதை எனக்குத் தருவாயா?" என்றாள்.

"தரமாட்டேன்."

எழும்பினாள். சப்பாத்து வாரை அவளால் குனிந்து பூட்ட முடியவில்லை. இரண்டு தரம் முயன்றாள். முன்பென்றால் நான் குனிந்திருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். வாரைப் பூட்டாமலே இறங்கிப் போனாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. புத்தகத்தில் மட்டும்தான் அது அவளுக்கு வரும்.

பேத்தி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "இதோடை விடுவம் பிள்ளை. அவவுக்கு விளங்கிப் போச்சு. உன்ரை பட்டம் பெரிசு," என்றேன். அப்படிச் சொன்னது எனக்கே கசந்தது.

"உங்களுக்குப் போதும் அம்மம்மா. ஆனால் அச்சிலை இருக்கிறது இன்னும் அப்பிடியேதானே இருக்கு."

"துண்டு வைச்சம்தானே?"

"துண்டு விழுந்திடும். ஆரும் எடுத்து எறிஞ்சிடுவினம்." பிறகு சொன்னாள். பட்டத்துக்கு ஒவ்வொருவரும் இதுவரை அச்சில் வராத ஓர் எழுத்தைத் தேடி, எழுதினவரின் சம்மதத்தோடு, ஒரு சிறு புத்தகமாகப் பதிப்பிக்க வேண்டுமாம். "நீங்கள் எழுதுங்கோ. நான் மொழிபெயர்த்துப் பதிப்பிக்கிறன். ஒரு பக்கம் உங்கடை தமிழ், எதிர்ப் பக்கம் இத்தாலியன். அந்தப் படத்தையும் போடுவம்."

"அவ உன்னை விழுத்தினால்?"

"சோதிக்கிற மேசையிலை அவவையும் சேர்த்து ஐஞ்சு பேர் இருப்பினம். ஐஞ்சு பேருக்கும் முதலே ஒவ்வொரு பிரதி குடுக்க வேணும், வாசிச்சுப்போட்டுத்தான் வருவினம். எல்லாரும் வாசிச்ச பிறகு அவ என்னத்தைச் சொல்லி விழுத்துறது? விழுத்தினால் திரும்ப எழும்பி நிப்பன். நான் உங்கடை பேத்திதானே?"

பேச்சைப் பார். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே இதை எழுத ஒரு கொப்பி வாங்குவித்தேன்.

இவ்வளவும் எழுத முப்பத்தாறு காலை எடுத்தது. இலையுதிர் காலம் வரப்போகிறது. பிரதிகள் அச்சாகி வந்ததும் ஐந்தின் முதல் பக்கத்திலும் நானே சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பேன். அவளுடையதில் கொஞ்சம் கூடவே வைப்பேன். அவள் அதை வாங்கித்தான் ஆக வேண்டும், திறந்துதான் ஆக வேண்டும், படத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க. நான் கடைசிக் கதிரையில் இருப்பேன். தூசித் துணி கொண்டுபோக மாட்டேன். கூறைச் சேலை கட்டிக்கொண்டு போவேன்.

பிள்ளை இப்போதுதான் படியேறி வருகிறாள், சத்தம் கேட்கிறது. பேனையை வைக்கப் போகிறேன்.

வா பிள்ளை, இதிலை இரு. சன்னலைச் சாத்தாதை, கேக்கிறவை கேக்கட்டும். இந்தா கொப்பி. முதலிலை இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. கெதியா வாசியாதை. திருடி எண்டு வாற இடத்திலை குரலைக் குறைக்காதை. ஒரு வரி விட்டாலும் எனக்குத் தெரியும்.